படழை

முதல் சொல்லே பிழையாக வந்தது.

“அக்கா, ‘படழை’ எண்டு வருது,” என்றாள் ஸம்ஸியா, கைபேசிக்குள்ளிருந்து. “அப்பிடி ஒரு சொல் இருக்கா?”

நிறஞ்சலா அந்த எண்களைத் திரும்பவும் பார்த்தாள். ஞாயிறு பின்னேரம். தோட்டவெளிக் கிராமத்தில் விடியற்காலை தொடங்கிய மழை இன்னும் தகரத்தில் சடசடத்துக்கொண்டிருந்தது. யன்னலைச் சாத்திவிட்டு, தன் அறை மேசையில் கொப்பியை விரித்து வைத்திருந்தாள். தாராபுரத்தில் ஸம்ஸியா, மன்னார் டவுனில் றொட்னி, இங்கே இவள். நேரில் ஒருநாளும் சந்தித்திராத இந்த மூவரும் ஞாயிறுதோறும் அழைப்பில் கூடி, இணையக் குழுவில் வருகிற மறைகுறிப் புதிர்களை அவிழ்ப்பார்கள். இந்த வாரப் புதிரைப் பெயரில்லாத ஒரு கணக்கு போட்டிருந்தது. நான்கு வரி. எல்லாம் சோடி சோடியாக எண்கள்.

முதல் எண் மெய்யெழுத்து, அடுத்தது உயிரெழுத்து என்பதை றொட்னி பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டான். ஒன்பதும் ஒன்றும் ப. ஐந்தும் ஒன்றும் ட. பதினைந்தும் ஒன்பதும் ழை.

“லவும் ழவும் இடம் மாறியிருக்கு,” என்றாள் நிறஞ்சலா கடைசியில். “அது படலை.”

“எப்பிடி அக்கா கண்டுபிடிச்சனீங்கள்?”

அவள் கண்டுபிடிக்கவில்லை. ‘ய ர ழ வ ல ள’ என்று ஒப்புவிக்கிற ஒருவனைத்தான் அவள் அறிவாள். தம்பி டிலோஜன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் திருந்தாதவன். இதே எண்களில், இதே பிழையோடு அக்காவுக்குத் துண்டுக் கடிதம் எழுதியவன். ஒன்பது வருடத்துக்கு முன் கடலுக்குப் போன அவனுடைய படகு மட்டும் கரை சேர்ந்தது. அவன் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க அம்மா றோசம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

இதை அவள் மற்ற இருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

“‘படலைக்கு வந்திட்டன்’,” என்று முதல் வரியை ஸம்ஸியா வாசித்து முடித்தாள்.

மழைச் சத்தத்துக்குள் தெருவாசல் படலையின் கொளுக்கி கழன்று, இரும்பு இரும்பில் உரசி, மெல்லத் திரும்பி வந்து சாத்திக்கொண்டது. காற்று என்று நிறஞ்சலா நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வரி அவளுடையது. எழுதிப் பார்க்கவே தேவைப்படவில்லை. பழகிய கையெழுத்தைப் போல எண்கள் தாமாகவே பேசின.

கிணத்தடியில கால் கழுவிறன்.

கப்பி கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது. சாத்திய யன்னலின் இடுக்கு வழியாக, வெயில் காணாமல் குவிந்து கிடந்த வலையின் வாடை, பாசியும் செத்த நண்டும் கலந்த வாடை, அறைக்குள் ஊறத் தொடங்கியது.

“அக்கா, ஆர் தண்ணி அள்ளுறது?”

“அம்மா,” என்று பொய் சொன்னாள். அம்மா உள்ளறையில் செபமாலையோடு படுத்திருந்தார்.

“எனக்கு ஒருமாதிரி இருக்கு. இதை விடுவம், அக்கா.”

“மூண்டாவதை நான் செய்யிறன்.”

நிறுத்தியிருக்கலாம். கொப்பியை மூடியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடம். பென்சில் ஓடியது.

விறாந்தையில நிக்கிறன்.

வெளியே சீமெந்தில் சொட்டு விழுந்தது. மழைச் சொட்டு அல்ல. கனமான சொட்டு. ஒன்று. பிறகு ஒன்று. யாரும் கதவைத் தட்டவில்லை.

“தம்பி?”

அவளை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. உரக்கவே வந்துவிட்டது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் விறுவிறுவென்று கூடத்தைக் கடந்தன.

“முடிஞ்சுது அக்கா,” என்றான் றொட்னி. நாலாவது வரி அவனிடம் இருந்தது. வாசிக்கும்போது குரல் தாழ்ந்தது. “‘அக்கா, கதவைத் திறக்காதை. வாறது நானில்லை.’”

கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் கழன்றது.

“அக்கா? கேக்குதா? இது ஆர் எழுதினது?”

அவள் ஓடினாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. விறாந்தை வெறுமை. நிலத்தில் தண்ணீர்க் கோடு. வாசலிலிருந்து குசினி அடுப்படிக்கு. குசினிக்குள் அம்மாவின் குரல், ஒன்பது வருடமாகக் கேட்காத குழைவோடு.

“எவ்வளவு நனைஞ்சு போனாய், ராசா.”

கதிரையில் அது இருந்தது. முதுகு காட்டி. தம்பியின் உயரம். தம்பியின் தோள். அம்மா அதற்கு முன்னால் நின்று துவாயால் துவட்டிக்கொண்டிருந்தார். துவாயிலிருந்து மணல் உதிர்ந்தது.

“இஞ்ச வந்து பார், பிள்ளை. அப்பிடியே சிரிக்கிறான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு நிறஞ்சலா ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. முன்பக்கம் தெரிந்தது.

அங்கேயும் பின்னந்தலைதான். ஈர மயிர். அம்மா அதைத்தான் வகிடெடுத்து, மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார்.