எல்லாரும் திரும்பி உட்காருங்க

"பலூன் வேண்டாம்னு நான் சொன்னேன்ல!"

"நீ எப்ப சொன்னே? நான் ஊதி முடிச்சப்புறம்தான்..."

"ஊதறதுக்கு முன்னாடியே சொன்னேன்! உனக்குத்தான் எது சொன்னாலும்..."

"ஆமா, இவங்க பெரிய டாக்டரு! போடி!"

"வெளியில என்ன சத்தம்?" உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் இங்கே நாய்க்குத் தையல் போடறேன். உங்க வாய்க்கும் போடணுமா?"

இருவரும் கப்சிப்.

அம்மா கால்நடை மருத்துவர். பள்ளி விட்டதும் வாலுவும் அவள் அண்ணனும் நேராக இந்த மருத்துவமனைக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருப்பான். வாலு பஞ்சு அக்காவின் பின்னாலேயே சுற்றுவாள்.

பஞ்சு அக்கா அம்மாவின் உதவியாளர். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிடி பஞ்சு இருக்கும். பூனையைத் துண்டில் சுற்றித் தூக்குவதும், முரண்டு பிடிக்கும் நாய்க்குட்டிக்கு மாத்திரை கொடுப்பதும் வாலுவுக்கு அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

இன்று அவருக்கு இங்கே கடைசி நாள். வெளியூரில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்காகத்தான் அண்ணன் பலூன் ஊதினான். அது முயல் கூண்டுக்குப் பக்கத்திலேயே 'டமார்' என்று வெடித்தது.

காலையில் அறுவை சிகிச்சை செய்த முயல் அது. அப்போதுதான் மெல்லத் தழையை முகர்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் மூலையில் ஒடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

"சாப்பிடாம இருந்தா இதோட வயிறு வேலை செய்யாம நின்னுடும். அது ஆபத்து," என்றார் அக்கா. "இது ஒரு வாய் தின்னாத்தான் நான் கிளம்புவேன்."

"ரயிலு?" என்றான் அண்ணன், குற்றவாளிக் குரலில்.

"போனா போகட்டும்."

"நாளைக்குச் சேரலேன்னா வேற ஆளை எடுத்துடுவாங்கன்னு சொன்னீங்களே!" என்று அண்ணன் பதறினான்.

அக்கா சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ரயில் போய்விட்டால் அக்கா இங்கேயே இருந்துவிடுவாரே! வாலுவின் மனசு ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தத் துள்ளல் அடங்கிப்போனது.

முயலை வளர்க்கும் மாமா கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ராஜா, ஒரே ஒரு வாய்டா," என்று கெஞ்சினார். அண்ணன் தழையை நீட்டினான். அக்காவும் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று முகங்கள். ஆறு கண்கள். ஒரு முயல்.

வாலுவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆனால் அக்காவிடமே எப்படிச் சொல்வது? கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா... முயலை உத்துப் பாக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே? பிடிச்சுத் திங்கற பிராணிங்கதான் அப்படிப் பாக்கும்னு. இப்ப நீங்களே..."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, ஆமா! பதற்றத்துல மறந்தே போச்சு!"

"எல்லாரும் திரும்பி உட்காருங்க," என்றாள் வாலு. "யாரும் பேசக் கூடாது."

கூண்டுக்கு முதுகைக் காட்டி நால்வரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அம்மா கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். "என்ன, எல்லாருக்கும் தண்டனையா?"

"உஷ்ஷ்!"

அம்மாவும் சத்தமில்லாமல் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"இப்ப திரும்பலாமா?" மாமா கிசுகிசுத்தார்.

"கூடாது."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார்.

வைக்கோல் மெதுவாகச் சரசரத்தது. பிறகு...

கறுக். கறுக். கறுக்.

மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணன் பெருமூச்சு விட்டான். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அக்காவுக்காக வாலு ஒரு நன்றியுரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இப்போது எழுந்து நின்று பேசினால் முயல் மிரண்டுவிடும். பேச்சைத் தொண்டையிலேயே விழுங்கினாள். அக்காவின் பையைத் தரையோடு தரையாக மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

அக்கா பையைப் பார்த்தார். வாலுவைப் பார்த்தார். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாலு அவர் காதருகே சாய்ந்தாள்.

"கிளம்புங்க அக்கா. நான் இருக்கேன்."