பின்வாசல்

அடுக்களையில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மிக்குத் தன்னுடைய குரலே கேட்டது.

“பயப்படாதீங்க முத்தாரம். நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாது.”

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. வலியசாலைத் தெருவில் மதியத்திலேயே இருட்டு கட்டியிருந்தது. ஓட்டின்மேல் மழை அடிக்கும் சத்தம், ஈரச் சுவரின் பூஞ்சை வாசனை, கருகத் தொடங்கிய கறிவேப்பிலை. இவற்றுக்கு நடுவே இன்னொரு பெண்ணின் குரல், மூக்கடைத்து, அழுகையை விழுங்கிக்கொண்டு: “கல்லாத்துல ஒரு ஓட்டல்ல சோறு வடிக்கேன் மேடம். பொறத்தால ஒரு ரூமு குடுத்திருக்காவ. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட...”

குரல் பாதியில் அறுந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்ரீலக்ஷ்மி போய்ப் பார்த்தபோது மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து, ஒரு சின்னப் பெட்டியை மூடி, ஓரத்துக்குப் போய் நின்றது. மௌஸை யாரும் தொடவில்லை.

ஸ்ரீலக்ஷ்மியின் வேலை, பிறர் சொல்வதைக் கேட்பது. கணவனிடம் அடிவாங்கும் பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்காக வீட்டிலிருந்தே கவுன்சலிங் செய்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் குறிப்பெடுக்கும்போது லேப்டாப் பக்கத்தில் திறந்தே இருக்கும். மேஜை, நாற்காலி மாதிரி அதுவும் ஒரு சாமான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் இருக்கும் தம்பி அனந்தைக் கூப்பிட்டாள்.

“முதல்ல ரவுட்டரை ஆஃப் பண்ணு அக்கா. லேப்டாப்பைத் தொடாதே. நான் இப்போவே எறங்கி வரேன்.”

ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. லேப்டாப்பின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மழைக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் அறையில் காற்றில்லை. துண்டுக்கு அடியில் சின்ன விசிறி சுழன்றுகொண்டிருந்தது. திடீரென்று வேகமெடுக்கும், தணியும், மறுபடி வேகமெடுக்கும். ஓட முடியாமல் ஒளிந்திருக்கும் ஒருவனின் மூச்சு மாதிரி. என்னவெல்லாம் கேட்டிருக்கும் அது? அவளுடைய தூக்கக் குறட்டையை, அம்மாவோடு போட்ட சண்டையை, குளித்துவிட்டு ஈரத்தலையோடு இந்த அறையைக் கடந்துபோனதை. பேங்க் பாஸ்வேர்டை. தன்னைப் பற்றிய ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தாள். அந்நேரம் அவள் முத்தாரத்தை நினைக்கவில்லை.

அனந்த் தொப்பலாக நனைந்து வந்தான். துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தவன் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தான்.

“பேக்டோர் ஆக்கும் இது,” என்றான் கடைசியில். “நீ முன்வாசலைப் பூட்டிண்டிருக்கே. இவன் பின்வாசல் வழியா வந்து போயிண்டிருக்கான். நீ டைப் பண்றது, மைக்ல கேக்கறது, எல்லாம் ரெகார்ட் பண்ணி அனுப்பறது. கம்ப்யூட்டர் ஆன் ஆறச்சே இதுவும் கூடவே எழுந்துக்கும். பேரைப் பார்த்தா பிரிண்டரோட சாஃப்ட்வேர்னு தோணும்.”

“அப்போ என் குரல்?”

“ரெகார்ட் பண்ணினதை அவன் இந்த லேப்டாப்லயே திறந்து கேட்டிருக்கான். ஸ்பீக்கர் ஆன்ல இருந்தது தெரியாம இருந்திருக்கும்.” திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். “இல்லைன்னா நீ கேக்கணும்னு.”

டவுன்லோடில் கிடந்த ஒரு ஃபைலைக் காட்டினான். ஸ்கேன் ரிப்போர்ட் என்று பெயர். “இது ரிப்போர்ட் இல்லை, புரோகிராம். இதைத்தான் நீ திறந்திருக்கே. யார் அனுப்பினதுன்னு ஓர்மை இருக்கா?”

“எத்தனையோ பேர் அனுப்பறா. முதல்ல இதைத் தொலைச்சுக் கட்டு.”

அந்த ஃபைலை மட்டும் சாட்சிக்கென்று ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தான். “சும்மா டிலீட் பண்ணினா போறாது. வேற எங்கயாவது ஒளிஞ்சிண்டிருக்கும்,” என்று சொல்லி, டிஸ்க் முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டான். திரையில் நீலக்கோடு ஊர்ந்தது. அவள் காபி போட்டுக் கொடுத்தாள். மழை சற்று விட்டது. விசிறிச் சத்தம் அடங்கி அறை தன் பழைய அமைதிக்குத் திரும்பியபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“க்ளீன்,” என்றான் அனந்த்.

“எடுத்துண்டு போனது?”

“அது போனது போனதுதான். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் உன் ஃபோன்லேருந்து மாத்து. முதல்ல மெயில்.”

மெயிலைத் திறந்தவள் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடினாள். கிடைத்தது. முத்தாரத்தின் பெயரில் வந்திருந்தது. சுத்தமான இங்கிலீஷில், ‘டியர் மேடம்’ என்று தொடங்கி நாலு வரி.

முத்தாரத்துக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஹோட்டலில் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். பாவம் என்று நினைத்துத்தான் திறந்தாள்.

“அனந்த்.” ஃபோனை அவன் பக்கம் திருப்பினாள். “அவளோட ஆம்படையான் நெல்லையப்பன். சிசிடிவி கேமரா மாட்டறவன். அவள் கல்லாத்துல ஒரு ஹோட்டலுக்குப் பின்னாடி இருக்கறதை என்கிட்ட மட்டும்தான் சொன்னாள்.”

அனந்த் எழுந்துவிட்டான். ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் போலீஸிடம் மலையாளத்தில் இரைந்து பேசினான். கல்லாறு, ஹோட்டலுக்குப் பின்னால், ஒரு ஸ்த்ரீ, வேகம்.

அவள் முத்தாரத்தை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அடித்தது. யாரோ துண்டித்தார்கள்.

இரண்டு மணி நேரம். இந்த இயந்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரம்.

ஃபோன் அதிர்ந்தது. முத்தாரம்.

வீடியோ கால். அவள் ஒருநாளும் வீடியோவில் வந்ததில்லை.

ஸ்ரீலக்ஷ்மி எடுத்தாள்.

சிமெண்ட் தரை. கவிழ்ந்து கிடந்த சோற்றுப் பானை. பின்னால் எங்கோ ஆறு இரைந்தது. சுவரில் சாய்ந்து முத்தாரம் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது.

“நல்லாருக்கேன் மேடம். ஒண்ணுமில்ல. போலீஸ் கீலீஸ் வேண்டாம்.”

மனப்பாடம் செய்த குரல்.

கண்கள் ஃபோனைப் பார்க்கவில்லை. ஃபோனுக்குச் சற்று மேலே பார்த்தன. இமைக்காமல்.

“முத்தாரம், பக்கத்துல யாரு?”

முத்தாரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீலக்ஷ்மி அவளுடைய மடியைப் பார்த்தாள். வளையல் உடைந்த இரண்டு கைகளும் அங்கேதான் இருந்தன. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு.

ஃபோன் ஆடவே இல்லை. மெதுவாக, மிக மெதுவாக, முத்தாரத்தின் முகத்தை நோக்கி நெருங்கியது.