முந்நூற்றுப் பதினேழாவது ஓடு

முந்நூற்றுப் பதினேழாவது ஓட்டில் ஒரு கைத்தடம் இருந்தது. கேத்தரின் அதைப் பார்த்தாள், ‘பாதகமில்லை’ என்ற பொத்தானை அழுத்தினாள், முந்நூற்றுப் பதினெட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பினாங்கின் பாயான் லெப்பாஸில், சிப் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கையுறை போடாத சோம்பேறி எவனோ தொட்டிருப்பான், துடைத்தால் போய்விடும், சாமானுக்குக் கேடில்லை என்று தினமும் நூறு கைத்தடங்களைத் தள்ளிவிட்டுப் பழகிய விரல் அது. அதே விரல்தான் இப்போது ஜெலுத்தோங்கில், கார் பட்டறைக்கு மேல்மாடியில், நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்கலம் ஒன்றின் வயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தது.

விண்வெளி நிலையத்தோடு இணைவதற்கு முன் கலம் மெதுவாக ஒரு குட்டிக்கரணம் போடும். நிலையத்தின் கேமரா அதன் வெப்பக் கவசத்தைப் படமெடுத்து இங்கே அனுப்பும். பூமிக்குத் திரும்பும்போது உள்ளே இருக்கும் மூன்று பேரையும் நெருப்பிலிருந்து காப்பாற்றப்போவது அந்தக் கவசத்தின் ஐந்நூறு ஓடுகள்தான். கேத்தரினும் அவளுடைய மேலாளர் நாதனும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கலம் இணையலாம்.

“முடிஞ்சிச்சா?” என்றார் நாதன்.

“முடிஞ்சிச்சு அண்ணே. ஒரு எடத்துல கைத்தடம் மட்டும். வேற ஒண்ணுமில்ல.”

“நீ பாத்தா நான் பாத்த மாதிரி லா.” படத்தைத் திறக்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். “கடையில நாசி தாப்பாவ் பண்ணிட்டு வரேன். ஒனக்கு மீன் தானே?”

அவர் படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கீழே பட்டறை முதலாளி ஹஸ்ருலும் ஆட்களும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்ததால் காலையிலிருந்து காதைத் துளைத்த சுத்தியல் ஓய்ந்து, பெயின்ட் தின்னர் வாசனையும், ஏர்கோனிலிருந்து வாளியில் சொட்டும் நீரும், திரையில் கண் கூசாமலிருக்க இழுத்துவிட்ட கனத்த திரைச்சீலையின் ஓரத்தில் கத்தி மாதிரி நுழைந்த பகல் வெளிச்சமும் மட்டும் அறையில் இருந்தன. மூலையில் பழைய காகிதம் வெட்டும் மெஷின். இந்த இடம் முன்பு அச்சகமாக இருந்தது. கட்டுக் கட்டாகக் காகிதத்தை வெட்டிய அந்த இரும்பை யாராலும் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். நாதனின் குடை, கோப்பிக் குவளை, சார்ஜ் ஏறும் கைபேசி எல்லாம் அதன் மேல்தான் குடியிருக்கும்.

“கேத்தரின் அக்கா, இருக்கீங்களா?”

காதுக்கருவியில் கனியின் குரல். முகம்மது கனிதான் கலத்தை ஓட்டுகிறவன். பினாங்குக்காரன். ஓடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் இதே அறையில் உட்கார்ந்து, பாதி நாள் கேத்தரினின் சாப்பாட்டைக் காலி செய்தவன். அவன் ஏவுதளத்துக்குக் கிளம்பிய பிறகுதான் அவனுக்கு மகள் பிறந்தாள். மருத்துவமனையில் குழந்தையை முதலில் கையில் வாங்கியது கேத்தரின்தான். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. இவனை வைத்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கேன்டா. கிளியர் பண்ணியாச்சு.”

“தேங்ஸ்க்கா. கீழ பட்டறையில தட்டுறத நிறுத்தச் சொல்லுங்களேன். இங்க வரைக்கும் கேக்குது.”

“பட்டறை மூடியிருக்கு.”

கனி சுவரில் காதை வைக்கும் உரசல் கேட்டது.

“அப்ப இது... சுவத்துல கேக்குதுக்கா. வெளிய இருந்து.”

கேத்தரினுக்கு அந்தக் கைத்தடம் நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் கைத்தடம் சகஜம். அங்கே மேலே யார் கை? ஏவுவதற்கு முன் எடுத்த படங்களை அவளே மூன்று முறை பார்த்திருக்கிறாள். முந்நூற்றுப் பதினேழு அப்போது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

படத்தைத் திரும்பத் திறந்து பெரிதாக்கினாள். அது எண்ணெய்க் கறை இல்லை. ஓடு கருகி, உள்ளே குழிந்து, ஓரங்கள் வெடித்திருந்தன. வலது கை. மோதிர விரல் மட்டும் பாதியில் முடிந்திருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன் தொழிற்சாலையின் அழுத்து மெஷின் கேத்தரினின் மோதிர விரலைப் பாதியில் நசுக்கி எடுத்துக்கொண்டது. அவள் தன் வலது கையைத் திரையில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

கையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். சிறுபிள்ளைத்தனம் என்று அவளுக்கே தோன்றியது.

“நின்னுடுச்சுக்கா” என்றான் கனி. “மூணு மூணா தட்டிக்கிட்டே இருந்துச்சு.”

மூன்று மூன்றாக. யோசனையில் இருக்கும்போதெல்லாம் அவளுடைய குட்டை விரல் மேசையில் தட்டும். மூன்று தட்டு, ஓர் இடைவெளி. அந்தப் பழக்கத்தைக் கேலி செய்யாதவர் அலுவலகத்தில் யாருமில்லை. காலையிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மெல்ல, மனமே இல்லாமல், மேசையை ஒரு முறை தட்டினாள்.

“ஒண்ணு” என்றான் கனி.

இரண்டு முறை தட்டினாள்.

“ரெண்டு. யாருக்கா அது?”

ரத்து செய்யும் பொத்தானை அடித்தாள். இரண்டு கையெழுத்து வேண்டும் என்றது திரை. நாதனை அழைத்தாள். மூலையில், இரும்பு மெஷின் மேல், அவருடைய கைபேசி பாடியது. கட்டுப்பாட்டு நிலையம் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அளவுகள் எல்லாம் சரியாக இருப்பதாகவும், இணைய இன்னும் நாற்பது மீட்டர்தான் என்றும் மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னது.

புதிய படங்கள் வந்து விழுந்தன. முந்நூற்றுப் பதினெட்டில் ஒரு கை. முந்நூற்று இருபதில் ஒன்று. கவசத்தின் விளிம்பில் ஒன்று. பக்கச் சுவரில் ஒன்று. ஜன்னலை நோக்கி.

அப்போது அவள் கை மடியிலிருந்து தானாக எழுந்தது.

இடது கையால் பிடித்தாள். நழுவியது. மேசை மேல் அறைந்தது. அவள் அடிக்கவில்லை. கைதான் அடித்தது. காதுக்குள் இடி. கலத்தில் யாரோ அலறினார்கள்.

“அக்கா! கண்ணாடியில கீறல் விழுது!”

மறுபடியும். விரல் முட்டித் தோல் கிழிந்தது. மறுபடியும். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலித்தது. வலி அவளுக்கு மட்டும்தான், கைக்கு இல்லை. கையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவளைத் தூக்கி எறிந்தது. கடித்தாள். பல் ஆழப் பதிந்தது. ரத்தம் வாய் நிறைய. விடவில்லை. திரை மூலையில் கலத்தின் உட்புறம் தெரிந்தது. கனி ஜன்னலை உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்திருந்தான். விரல்களுக்கிடையில் கீறல் வளர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் ஓர் அடி. அவ்வளவுதான்.

இரும்பு மெஷின்.

கோப்பிக் குவளை உடைந்தது. குடை பறந்தது. திரைச்சீலைக் கயிற்றை அறுத்து முழங்கைக்குக் கீழே பல்லால் இறுக்கினாள். மணிக்கட்டைக் கத்திக்கு அடியில் திணித்தாள். கைப்பிடியை இடது கையால் இழுத்தாள். துருப்பிடித்த கத்தி. முதல் இழுப்பில் பாதிதான். விரல்கள் இரும்பைப் பிறாண்டின. இரண்டாவது இழுப்பில் எலும்பு உடைந்தது. மூன்றாவதில் காதுக்கருவி தெறித்துப் போக அவள் பின்னால் போய் விழுந்தாள்.

நிசப்தம். வாளியில் நீர் சொட்டியது.

“நின்னுடுச்சுக்கா.” திரையின் ஒலிபெருக்கியில் கனி அழுதுகொண்டே சிரித்தான். “சுத்தமா நின்னுடுச்சு.”

பிறகு கலம் நிலையத்தைத் தொடும் மெல்லிய சத்தம். கொக்கிகள் மாட்டின. கதவு திறந்தது. யாரோ கைதட்டினார்கள். சுவரில் சாய்ந்து கிடந்த கேத்தரினுக்கு அப்படியொரு சந்தோஷம். பிள்ளை பிழைத்துவிட்டான். கேட்டிருந்தால் இன்னொரு கையையும் கொடுத்திருப்பாள்.

கதவருகே நாதன். சாப்பாட்டுப் பொட்டலம் கையிலிருந்து நழுவி, மீன் குழம்பு தரையெல்லாம் ஓடியது. மெஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார்.

“கேத்தரின்” என்றார். “கை எங்கம்மா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தியில் ரத்தம். மெஷினில் ரத்தம். தரையில் ரத்தம். கை இல்லை.

திரையில் கனி கேமராவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் சின்னச் சின்னச் சிவப்பு உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. அவற்றின் பின்னால், அவசரமே இல்லாமல், அதுவும் வந்தது.

கேத்தரின் கத்தினாள். காதுக்கருவி அறையின் அந்தக் கோடியில், உடைந்த குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது.

குட்டை விரல் கனியின் தோளில் மூன்று முறை தட்டியது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் சிரித்தபடியே திரும்பினான்.