ஐஸ் மாமாவின் மணிச்சாவி

சமையலறை மேடையில் கிடந்த செல்போன் திடீரென்று வீறிட்டது.

அவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்கால். வெளியே மழை. கூடத்தில் மகள் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். போனைச் சத்தமில்லாமல் ஆக்கித்தான் வைத்திருந்தாள், அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதைவிட நன்றாக நினைவிருந்தது இன்னொன்று: திரை மேலே தெரியும்படி வைத்திருந்தாள். போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை அவள் விட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது.

இப்போது அது கவிழ்ந்து கிடந்தது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பிரிட்ஜிலிருந்து எடுத்தது போல் சில்லென்றிருந்தது. திரையில் பனி படர்ந்திருக்க, விரலால் வழித்துப் பார்த்தாள்.

‘மணிச்சாவி புதுப்பிக்கப்பட்டது. பெயர்: ஐஸ் மாமா. அனுமதித்தவர்: நீங்கள்.’



ஐஸ் மாமா செத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது.

அவள் வேலை செய்வது ஒரு குளிர்கிடங்கு நிறுவனத்தில். மருந்து, மீன், இறைச்சி என்று எதையெதையோ உறைய வைத்துக் காக்கும் ஆறு பெரிய அறைகள். அவற்றின் கதவு, விசிறி, குளிர் எல்லாமே கிளவுடில் ஓடும் ஒரு மென்பொருளின் கையில். அதைத் தொட யாருக்கும் நிரந்தர பாஸ்வேர்டு கிடையாது. வேலை வரும்போது கேட்க வேண்டும். அவள் சம்மதித்தால் தற்காலிகச் சாவி ஒன்று கேட்டவரின் பெயரில் பிறக்கும். சரியாக ஒரு மணி நேரம் உயிரோடிருக்கும். பிறகு தானாகச் செத்துப் போகும். அலுவலகத்தில் அதற்கு மணிச்சாவி என்று பெயர். கொடுப்பவள் அவள் என்பதால் அவளுக்குச் சாவிக்காரம்மா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரே ஐஸ் மாமாதான்.

கிடங்கின் மெக்கானிக் அவர். வாய் ஓயாத மனிதர். இருமல் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார். அவர் போன பிறகும் கால் மணி நேரத்துக்கு யூகலிப்டஸ் வாசனை நிற்கும். ஒருமுறை அவள் வீட்டு பிரிட்ஜைச் சரி செய்ய வந்தார். ஸ்குரூவைப் பொறுக்கிக் கொடுத்த மகளைப் பார்த்து, “குட்டி முதலாளி, எனக்கு லீவு வேணும், குடுப்பீங்களா?” என்று கைகட்டி நின்றார். அன்று முழுக்க வீடு சிரித்தது. அந்தப் பெயரில் குழந்தையை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஒரு மணி நேரம் அவருக்கு ஒருநாளும் போதாது. நீட்டிப்பு, நீட்டிப்பு என்று உயிரை எடுப்பார். அந்த மாதம் தணிக்கைக்கு வந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லோர் எதிரிலும் சிரித்தபடி கேட்டார்: “நீங்க சாவி குடுக்கறீங்களா, மிட்டாய் குடுக்கறீங்களா?”

மறுநாள் நான்காம் அறையில் விசிறி நின்றது. அவர் மணிச்சாவியோடு உள்ளே போனார். மைனஸ் இருபத்தைந்து டிகிரி. உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. கதவைச் சாவியால்தான் திறக்க முடியும். உள்ளே போன் எடுக்காது. சுவரில் பதித்த ஒரு சின்னத் திரைதான் வெளியுலகம். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அதிலிருந்து நீட்டிப்புக் கேட்டார். அவளுக்குத் தணிக்கைக்காரரின் சிரிப்பு கண்முன் வந்தது. மறுத்தாள். ‘நீட்டிப்பு இல்லை. வெளியே வந்து புதிதாகக் கேட்கவும்’ என்று காரணமும் எழுதினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். அது மறுபடி மறுபடி முனகியது. ஒவ்வொரு முறையும் படிக்காமலேயே மறுப்பை அழுத்தினாள்.

மொத்தம் ஏழு முறை.

நான்கு மணி நேரம் கழித்துச் செக்யூரிட்டிதான் பார்த்தார்.

அன்று அவள் செய்த இரண்டாவது காரியம்தான் பெரியது. ஏழு விண்ணப்பங்களையும் பதிவிலிருந்து அழித்தாள். அழிக்கவும் ஒரு மணிச்சாவி வேண்டும். தன் பெயரில் எடுத்தால் தடம் இருக்கும். பெயர் கேட்ட கட்டத்தில் கை தானாகத் தட்டியது: ஐஸ் மாமா. யார் பெயரையும் தட்டலாம், மென்பொருள் ஏன் என்று கேட்காது. அவர் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பெயரில் ஒரு சாவி பிறந்தது.

பத்தாம் நாள் அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். தகரப் பெட்டியில் அவருடைய கருவிகளை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்டாள்.

“அவரு கேக்கவே இல்லையாம்மா? ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் பத்து தடவ கேக்கற மனுஷன்மா அவரு.”

“இல்லக்கா. எதுவும் வரல.”

கேட்கவில்லை என்றால் அவர் கவனக்குறைவு. இழப்பீடு கிடையாது. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணையில் அதுதான் முடிவாகப் போகிறது.

இப்போது, மழைச் சத்தத்துக்கு நடுவே, சாவியின் வரலாற்றைத் திறந்தாள். அன்று அவள் பெற்றெடுத்த சாவி சாகவே இல்லை. ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ அதை நீட்டித்திருந்தார்கள். இரவும் பகலும். பத்தொன்பது நாளும். ஒவ்வொரு வரியிலும் அனுமதித்தவர் இடத்தில் அவள் பெயர்.

நாளைக்கு விசாரணைக்காரர்கள் உயிரோடிருக்கும் சாவிகளின் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள்.

கொடுத்த மணிச்சாவி ஒன்றைத் தனியாகத் திரும்பப் பிடுங்க வழியில்லை. முழு ரத்து என்று ஒன்று உண்டு: இந்த நொடிக்கு முன் பிறந்த எல்லாச் சாவிகளையும் ஒரே அழுத்தில் கொல்வது. அதைக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மட்டுமே செய்ய முடியும்.

“ஏங்க, ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்.”

கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். “ஞாயித்துக்கிழமையுமா? நீ போகலேன்னா மீனெல்லாம் எழுந்து நடந்துடுமா?”

அவள் குடையை எடுத்தாள்.

“ஒரு மணி நேரந்தாம்மா, அதுக்குமேல கிடையாது,” என்றாள் மகள், அம்மா அலுவலகப் போனில் பேசும் அதே குரலில்.

கிடங்கு நடந்தே போகும் தூரம், பத்து நிமிடம். வாசலில் செக்யூரிட்டி கூண்டுக்குள் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். “உள்ள யாரும் இல்ல மேடம். பாத்துப் போங்க,” என்றார். கையெழுத்துப் போட்டாள். தன் பெயரில் ஒரு மணிச்சாவி எடுத்தாள். இரண்டு முப்பத்து மூன்று.

குளிர் அறைகள் வரிசையாக இருக்கும் கீழ்நடையில் விளக்குகள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து எரிந்தன. இயந்திரங்களின் ஒரே சீரான உறுமல் தரை வழியாகச் செருப்பில் ஏறி முழங்காலில் அதிர்ந்தது. ஈரச் சிமென்ட்டும் கிரீசும் பழைய அட்டைப்பெட்டியும் கலந்த வழக்கமான வாசனை. நான்காம் அறையைக் கடக்கும்போது மட்டும் அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நடந்தாள். அப்படியும் கடைக்கண்ணில் பட்டுவிட்டது: கதவின் ரப்பர் விளிம்பில் பனி உடைந்து, தரையில் தூளாகக் கொட்டிக் கிடந்தது. யாரோ இப்போதுதான் திறந்தது போல்.

படியேறினாள். கட்டுப்பாட்டு அறைக் கதவு போனிலிருந்த சாவியைப் பார்த்துப் பச்சை காட்டித் திறந்து, பின்னால் மூடிக்கொண்டது. போன வருடம் ஒரு திருட்டு நடந்ததிலிருந்து அந்த அறைக்குள் நுழையவும் சாவி வேண்டும், வெளியேறவும் சாவி வேண்டும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முழு ரத்துக்குப் போகும் முன் வேறொன்று கண்ணில் பட்டது. அழித்தவற்றை முப்பது நாள் வைத்திருக்கும் குப்பைத் தொட்டி. உள்ளே ஏழு உருப்படிகள்.

அழித்தால் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். திறந்தாள். முதல் முறையாகப் படித்தாள்.

‘சாவிக்காரம்மா, இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க. கை மரத்துப்போச்சு, வேலை ஓடல.’

‘வெளிய வரணும்னாலும் சாவி வேணும்மா. முடிஞ்சு போச்சு.’

‘விளையாட்டு இல்லம்மா.’

‘குட்டி முதலாளிகிட்டயாவது சொல்லுங்க.’ அப்போதும் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறார்.

‘குளிருது.’

‘அம்மா குளிருது.’

ஏழாவதில் ஒரே ஒரு வார்த்தை. ‘அம்மா.’

கீழே இரண்டு பொத்தான்கள். மீட்டெடு. நிரந்தரமாக நீக்கு.

தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போன அந்த மனைவியின் முதுகு நினைவுக்கு வந்தது. மீட்டெடுத்தால் அந்த வீட்டுக்கு இழப்பீடு வரும். மீட்டெடுத்தால் இவள் வேலை போகும், வழக்கு வரும், ஜெயில்கூட வரலாம். மகளுக்கு ஆறு வயது. ஆறு வயதுக் குழந்தையிடம் என்னவென்று சொல்வது?

அம்பு ‘மீட்டெடு’ மேல் வெகுநேரம் நின்றது. மூச்சு வாயிலிருந்து வெள்ளையாக வந்தது. ஏசி இவ்வளவு குளிராது என்று ஒரு மூலையில் தோன்றியது.

பிறகு அவள் நிரந்தரமாக நீக்கினாள்.

ஏழு வரிகளும் மறைந்தன. அதே நொடி, பக்கத்துத் திரையில் ஐஸ் மாமாவின் சாவி நடந்த தடம் நகர ஆரம்பித்தது. பத்தொன்பது நாளாக ஒரே இடம்: நான்காம் அறை, உள்பக்கம். நான்காம் அறை, உள்பக்கம். நூற்றுக்கணக்கான வரிகள். கடைசியில் சில மட்டும் வேறு மாதிரி.

2.36. நான்காம் அறைக் கதவு.

2.39. கீழ்நடை.

2.42. மாடிப்படி.

2.44. கட்டுப்பாட்டு அறை.

மூலையில் கடிகாரத்தைப் பார்த்தாள். 2.44.

முதுகுக்குப் பின்னால் பூட்டு டிக்கென்றது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டியிருக்கும். யூகலிப்டஸ் வாசனை வந்தது. மெல்ல. கன்னத்தில் மிட்டாயை உருட்டும் சத்தம். பல்லில் பட்டுக் கடக். மறுபடி கடக். அது மிட்டாயா, குளிரில் அடித்துக்கொள்ளும் பல்லா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடரி மயிரில் ஏதோ பொடிப்பொடியாக விழுந்து உருகியது.

“மன்னிச்சுடுங்க மாமா,” என்றாள். வாய் சொன்னது. விரல் முழு ரத்தை அழுத்தியது.

எல்லா விளக்குகளும் ஒரு தடவை இமைத்தன. வாசனை போயிற்று. சத்தம் போயிற்று. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவருகே மட்டும் தரை ஈரமாக இருந்தது.

ஓடிப் போய்க் கதவில் சாவியைக் காட்டினாள்.

சிவப்பு.

மறுபடி காட்டினாள். சிவப்பு. அப்புறம்தான் உறைத்தது. இந்த நொடிக்கு முன் பிறந்த எல்லாச் சாவிகளும் என்றால், பதினொரு நிமிடத்துக்கு முன் பிறந்த அவள் சாவியும்தான். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொள், பிறகு ரத்து செய் என்று.

சரி, புதிதாகக் கேட்கலாம். கேட்டாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ‘நீட்டிப்பு இல்லை. வெளியே வந்து புதிதாகக் கேட்கவும்.’

அவளே எழுதிய வரி. எழுத்து பிசகாமல்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி கொடுக்க அவளைத் தவிர வேறு ஆளே கிடையாது. மறுத்தவர் இடத்தில் பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது.

மறுபடி கேட்டாள். மறுப்பு. கெஞ்சி எழுதினாள். மறுப்பு. கூரையிலிருந்த காற்றுத் துளை வெள்ளையாகப் புகைந்தது. சுவர்த் திரையில் ஏழு டிகிரி. இரண்டு. மைனஸ் நான்கு. விரல்கள் எழுத்தைத் தவற விட்டன. ஐந்தாவது. ஆறாவது.

ஏழாவது முறை என்ன எழுதினோம் என்று அனுப்பிய பிறகுதான் பார்த்தாள்.

‘அம்மா.’

மறுப்பு.

போன்! பேசுகிறது, இங்கே போன் பேசுகிறது. செக்யூரிட்டியை அழைத்தாள்.

“அண்ணே, மேல வாங்க. கதவு திறக்கல. கட்டுப்பாட்டு ரூம். சீக்கிரம்.”

ரேடியோவின் கரகரப்பு. பிறகு அவர் குரல், சந்தேகமாக. “யாருங்க பேசறது?”

“நான்தான் அண்ணே!”

“மேடம் போய்க் கால் மணி நேரமாச்சே. என் எதுக்கத்தான் கையெழுத்துப் போட்டாங்க. பேனாவக்கூடப் பிடிக்க முடியல, கை அவ்ளோ நடுக்கம். யாரு நீங்க, விளையாடறீங்களா?”

அவர் வைத்துவிட்டார்.

அவள் மெதுவாகத் திரையைப் பார்த்தாள். முழு ரத்துக்குப் பிறகு பிறந்த சாவி ஒன்றே ஒன்று இருந்தது. 2.45. மாடிப்படி, கீழ்நடை, வாசல். பெயர் கேட்ட கட்டத்தில் யாரோ தட்டியிருந்தார்கள். யார் பெயரையும் தட்டலாம். மென்பொருள் ஏன் என்று கேட்காது.

அவள் பெயர்.

வாசலைத் தாண்டிப் பதினைந்து நிமிடம். நடந்தால் வீடு பத்து நிமிடம்.

இமையில் பனி ஒட்டியது. விரல் மடங்கவில்லை, மூக்கால் அழுத்தி வீட்டு எண்ணைப் பிடித்தாள். மணி அடித்தது. அடித்தது. அடித்தது. எடுத்தது மகள்.

“கண்ணு, கதவச் சாத்து! அப்பாவக் கூப்பிடு! அம்மா பேசறேன்!”

 குழந்தை களுக்கென்று சிரித்தது.

“பொய்! எங்கம்மா வந்து என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க, கையெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு, இன்னிக்கு என்னைக் குட்டி முதலாளின்னு கூப்பிடறாங்க!”