நெஞ்சுக் கதவு

ஏழாவது பொம்மையின் நெஞ்சுக்குள் இருந்த ரேகை, ஆறாவதில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

அப்படி இருக்கவே கூடாது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழை ஜன்னலில் விட்டுவைத்திருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சத்தில் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லாரியாக இருப்பதை மடக்கி நிமிர்த்தினால் இயந்திர மனிதனாகிற பொம்மை. லாரியின் முகப்பு இரண்டாகப் பிளந்து அவனுடைய மார்பாகும். முழு லாரியாகவோ முழு மனிதனாகவோ இருக்கும்போது மார்பின் உள்பக்கம் தெரியாது. பாதியில் நிறுத்தினால்தான் அந்த இரண்டு கதவுகளும் விரிந்து, உள்ளே இருக்கும் வெற்றுச் சுவர் கண்ணில் படும். அந்தச் சுவரில்தான் ரேகை.

அது அவள் கணவனுடைய கட்டைவிரல். பொம்மைத் தொழிற்சாலையில் அச்சுகளுக்கு மெருகு போடுவது அவன் வேலை. மெருகு ஏறிய எஃகை வெறுங்கையால் தொடவே கூடாது, வியர்வை பட்டால் ரேகை அப்படியே துருவாக ஏறிவிடும், அப்புறம் வார்க்கிற ஒவ்வொரு துண்டிலும் வந்து நிற்கும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். அப்படிச் சொன்னவனே இந்த அச்சைத் தொட்டிருக்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மெருகு போட உள்ளே குனிந்திருந்தபோது அதே அச்சு அவன்மேல் மூடிக்கொண்டது. நிர்வாகம் அதைக் கழுவித் துடைத்து மூன்றே மாதத்தில் பொம்மையைக் கடைக்கு அனுப்பியது. அவள் ஒன்று வாங்கினாள், பிளந்தாள், ரேகையைப் பார்த்தாள், அன்று முழுக்க அழுதாள்.

அதற்குப் பிறகு ஒன்றையும் விட்டதில்லை. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்து, ஒன்றரை வருஷம் தூங்கப்போட்டு, தலையை மட்டும் மாற்றி, சாயத்தை மாற்றி, புதுப் பெயர் சூட்டி மறுபடி விற்பார்கள். பழைய கள், புது மொந்தை. சேகரிப்பவர்களுக்கு இது தெரியாமலா? தெரிந்தேதான் வாங்குவார்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் முந்தியது, மழுங்கியிருந்தால் பிந்தியது என்று வரிசை வைப்பார்கள். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள். ஒவ்வொரு வெளியீட்டிலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவான் என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தாள்.

தொலைபேசியில் பெட்டியைக் கூப்பிட்டாள். பெட்டி என்பது அவள் வைத்த பட்டம். நானூறு பொம்மை வைத்திருந்தும் ஒன்றின் பெட்டியைக்கூடப் பிரிக்காத மனிதர்.

"சார், ஏழாவதுக்குப் புது மோல்டா போட்டிருக்காங்க?"

"நீங்க வேற! அதே கிழட்டு மோல்டுதாங்க. மூட்டெல்லாம் லொடலொடன்னு ஆடுதுன்னு எல்லாரும் திட்டிட்டு இருக்காங்க."

"உள்பக்கம் மட்டும் நல்லா விழுந்திருக்கே?"

"மோல்டு தேயுமே தவிர வளராதுங்க. கண்ணாடிய மாத்துங்க முதல்ல," என்று சிரித்தார் பெட்டி.

அவள் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து மற்ற ஆறையும் எடுத்து வந்து மேசையில் வரிசையாகப் பாதியில் நிறுத்தி, கதவுகளை விரித்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். முதலாவதில் கட்டைவிரல் மட்டும். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில், பிளாஸ்டிக் ஓடிய தடம் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்த நான்கு கோடுகள், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் நான்கு விரல்களாயின. ஐந்தாவதில் உள்ளங்கை. ஆறாவதில் இரண்டு கைகள். வெளிப்பக்கமாகத் தள்ளுகிற கைகள்.

ஏழாவதில் கைகளுக்கு நடுவே ஒரு மேடு. கைவிளக்கை இன்னும் சாய்த்தாள். நெற்றி. மூக்கு. வாய்.

வாய் திறந்திருந்தது.

கண்ணை எடுக்க முடியவில்லை. பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறாள், அந்த முகத்தை. ஐயோ, எவ்வளவு சின்னதாகிவிட்டான்.

அழைப்புமணி அடித்தது. கொழுந்தன். ஞாயிறு தவறாமல் வருவான், பழம் வாங்கி வருவான், அலமாரிக்கு முதுகு காட்டி உட்காருவான். அவனும் அதே தொழிற்சாலைதான். அன்று அதே இயந்திரத்தில் நின்றவன். 'ஒரு நொடிதான் அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சே இருக்காது' என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னவனும் அவன்தான். அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் தூங்கினாள்.

"மாடிப்படி பூரா இந்த லாரி பொம்மையோட காலிப் பெட்டிதான் கிடக்கு, அண்ணி. கடையில பாதி விலைக்குக் குடுத்தாங்களாம், வீட்டுக்கு வீடு வாங்கியிருக்காங்க," என்று குடையை மடக்கியபடியே உள்ளே வந்தவன், மேசையைப் பார்த்தான். பேயறைந்தவன் போல நின்றுவிட்டான்.

"இதுல பாருங்க தம்பி. எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

அவன் கிட்டே வரவில்லை. "மூடிருங்க அண்ணி." உடனே, "வேணாம், வேணாம், மூடாதீங்க," என்று கையை நீட்டினான். பழப்பை கீழே விழுந்தது.

"ஒரு நொடின்னு சொன்னீங்களே."

அவன் உருண்ட பழத்தைப் பொறுக்கக் குனிந்தான்.

"தம்பி. ஒரு நொடின்னு சொன்னீங்க."

"முழுசா மூடல அண்ணி." பழத்தை எடுக்காமலே நிமிர்ந்தான். "நெஞ்சு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. நாப்பது நிமிஷம். பேசிட்டுத்தான் இருந்தார். ஒரு கை வெளிய இருந்துச்சு, என் கையப் பிடிச்சிருந்தார். நான் திறக்கத்தான் பட்டன அமுக்கினேன், சத்தியமா திறக்கத்தான். ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் மூடுச்சு. பொறுடா, பொறுடான்னார். நான் பொறுக்கல. அஞ்சு தடவ அமுக்கினேன்."

"என்ன பேசினார்?"

"உங்களக் கூப்பிடச் சொன்னார். நான் ஆள் அனுப்பல. நீங்க அந்தக் கோலத்தப் பாக்க வேணாம்னு..."

நாற்பது நிமிஷம். பேருந்தில் வந்தாலே இருபதுதான். அவள் வந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு. அவளுக்குக் கோபம் வரவில்லை, அதற்கு இடமில்லாமல் துக்கம் நிரம்பியிருந்தது. கொழுந்தன் அழுதுகொண்டே வாசலில் செருப்பைத் தேடினான், ஒன்று அகப்பட்டது, ஒன்று அகப்படவில்லை, ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனான்.

மழை விட்டிருந்தது. அறையில் சூடான பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த வாடை எழுந்தது. வேலை முடிந்து வந்து அவன் கழற்றிப் போடும் சட்டையின் வாடை. ஏழாவது பொம்மையின் கதவுகள் விசை தளர்ந்து மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று ஆள்காட்டி விரலை நடுவில் கொடுத்தாள். வலித்தது. எடுக்கவில்லை.

"வந்துட்டேன்," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

உள்ளே, விரல் நுனியில், ஏதோ பட்டது. ஈரமாக. வெதுவெதுப்பாக. ஒன்று. இரண்டு. ஐந்து. அரிசி மணியைவிடச் சின்ன விரல்கள் அவள் விரலைச் சுற்றி வளைத்துப் பிடித்தன.

அப்போது பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குழந்தை சிரித்தது. லாரியை மனிதனாக்கி முடிக்கும் சத்தம் கேட்டது.

க்ளிக்.

அவள் விரலைப் பிடித்திருந்த பிடி இறுகியது. நகம் பதியும் அளவுக்கு. அந்தச் சின்ன வாயிலிருந்து மூச்சு ஒன்று வெளியே தள்ளப்பட்டு அவள் தோலில் பட்டது.

பிடி தளர்ந்தது. குழந்தை மறுபடி லாரியாக்கியது.

க்ளிக்.

இறுகியது.

"வேணாம்," என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "மூடாதீங்க!"

மேல்மாடியில் க்ளிக். கீழே க்ளிக். எதிர்வீட்டில் இரண்டு. தெருவுக்கு அந்தப்பக்கம், விளக்கேற்றிய ஜன்னல் ஒவ்வொன்றிலும். மழை விட்டதும் மரங்கள் சொட்டுவது போல, முதலில் எண்ண முடிந்தது. பிறகு முடியவில்லை.

அந்தச் சின்னக் கை இப்போது தளரவே இல்லை.