பின்னால் வந்த தோணி

பிஜித் தலைநகர் சுவாவில் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்த டிசம்பர் அது. நமாகாவில் டாக்சி பிடித்த சிவன் வரதோலிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ருக்மணி அண்ணியின் தகர வீடு ஆற்றங்கரையில் அப்படியேதான் நின்றது. வழியெல்லாம் அவன் ஒரே வாக்கியத்தை மென்றுகொண்டு வந்திருந்தான்.

அண்ணி, பல்ராம் அண்ணன் செத்து ஆறு வருஷமாச்சு.

அதைச் சொல்லத்தான் ஆக்லாந்திலிருந்து வந்தான். நாளைக்கு அவள் மகள் விநிதாவுக்குக் கல்யாணம். "தாரை வார்க்க அப்பா வேணும். அவரைக் கையோட கூட்டிட்டு வா தம்பி" என்று போனில் சொல்லியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆறு வருஷமாக அளந்து விட்டவன் இவன்தானே. "இங்கதான் இருக்காரு அண்ணி. படகு கொளுத்துன கேஸ் இருக்குன்னு போன்ல பேசப் பயப்படறாரு." ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

இரண்டாயிரமாம் வருஷத்துக் கலகத்தைச் சாக்கு வைத்து ஒரு கும்பல் ஆற்றுவழியே வந்து மாடு, மளிகை எல்லாவற்றையும் அள்ளிப் போனது. அதன் படகுகள் முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தன. பல்ராமுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அந்தக் காலத்துக் கடல் சண்டையில கப்பலக் கொளுத்தி எதிரி கப்பல் மேல வுடுவானாம். நம்மகிட்ட பழைய படகு இருக்குதே. நான் சுக்கான் புடிக்கறேன். நீ தோணியில கயிறு கட்டிப் பின்னால வா. பத்த வச்சுட்டு உன்கிட்ட குதிச்சுடறேன். பின்னால தோணி வருதுன்னாதான் எவனும் பத்த வெப்பான்."

படகு நிறையக் கரும்புச் சோகை, அதன்மேல் மண்ணெண்ணெய். ஆற்றுநீரைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓதம் இறங்கும் நேரம் பார்த்து இருவரும் மிதந்து போனார்கள். தீ குப்பென்று எழுந்ததும் கரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. சிவன் பல்ராமுக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினான்.

"தோணி எங்கடா?" என்று நெருப்புக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

இப்போது அவன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினான்.

அண்ணி திறந்தாள். கண்களில் புரை விழுந்திருந்தது. நெற்றியில் குங்குமம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவள் சிவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா?"

சிவன் திரும்பவில்லை.

மண்ணெண்ணெய் வாடை வந்தது. பிறகு சோகை கருகும் வாடை. அறுவடை முடிந்துவிட்டது, எந்த வயலிலும் தீ இல்லை.

"குளிர் ஊருக்குப் போனா வெளுப்பாங்கன்னு சொல்லுவாங்க" என்று அண்ணி சிரித்தாள். "நீங்க கருத்துப் போய் வந்திருக்கீங்க. ஏன் தம்பி, இவர் ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு?"

சொட்டு.

சொட்டு.

அவன் முதுகுக்குப் பின்னால்தான் விழுந்தது.

வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்தக் குங்குமம் அழியும், விநிதாவின் கல்யாணம் நிற்கும், வெட்டிய கை எது என்று ஊர் கேட்கும். அவர்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தன் தோலைக் காப்பாற்றத்தான் என்பது அவனுக்கே தெரியும். அன்றைக்கும் அப்படித்தான்.

"ஆமா அண்ணி" என்றான். "கூட்டிட்டு வந்துட்டேன்."

அவன் காதுக்குப் பக்கத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. அண்ணி தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"அச்சா, அச்சா" என்றாள். "கல்யாணம் முடிஞ்சதும் உன்கூடவே திரும்பி வராராம் தம்பி. இந்தத் தடவ கயித்த வெட்டாதேன்னு சொல்லச் சொல்றாரு."

அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்ன கயிறு தம்பி?"

சிவன் குனிந்து பார்த்தான். அன்று கத்தி பிடித்த கையின் மணிக்கட்டில் ஈரக்கயிறு ஒன்று சுற்றியிருந்தது. அது வாசற்படி இறங்கி, புல்மேல் ஊர்ந்து, ஆற்றுக்குள் போயிற்று. நடுவே வெட்டுப்பட்ட இடத்தில் யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

ஆற்றில் ஓதம் இறங்கத் தொடங்கியது.

கயிறு இறுகியது.