இரக்கமானி

செவ்வாய்க் குடியேற்றத்தில் பல் துலக்குவதற்கு முன்பே மாணவர்கள் எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வார்கள். தோலுக்கடியில் பதித்த இரக்கமானி, மனம் எந்த அளவுக்கு இளகியிருக்கிறது என்பதை வண்ணத்தில் காட்டும். பச்சை எரிந்தால்தான் கல்லூரியில் பட்டம். அதற்காகவே மாணவர்களை ஒரு பருவம் அகதி முகாமுக்குத் தொண்டுப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். கல்நெஞ்சுக்காரர்கள் பட்டதாரி ஆகிவிடக் கூடாதென்று அரசுக்கு அவ்வளவு அக்கறை.

இதழினிக்குக் கடைசி நாளிலும் மஞ்சள்தான். பருவம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள், மருந்து வாங்கித் தந்தாள், நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். இருந்த வேலையில் இரக்கப்பட நேரம் கிடைக்கவில்லை. இன்று மாலைக்குள் பச்சை வராவிட்டால் பட்டம் அம்போ.

அன்று பார்த்து ஜெபமாலை குடிலில் ஒரே சிரிப்பு. பூமியில், தூத்துக்குடிக் கரையில், வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். முகாமுக்கு வெளியே வீடு ஒதுக்கியிருந்தார்கள், மாலையில் சாவி. அகதிகளின் மணிக்கட்டில் இருப்பது நன்றிமானி. அது பச்சையாக இருந்தால்தான் வீடு. ஜெபமாலைக்கு மாதக்கணக்காகப் பச்சை.

"என்ன பிள்ள, மொகம் வாடிக் கெடக்கு?"

"மஞ்சளைத் தாண்டலக்கா. நீங்கல்லாம் சிரிச்சிக்கிட்டிருந்தா எப்படி ஏறும்?"

"இவ்வளவுதானா? உக்காரு. எம் மவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நீ. ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

பயிற்சி மாணவர்களுக்கென்று அவள் ஒரு சோகக்கதை வைத்திருந்தாள். தன் மனசில் படாமல் சொல்லி அழுது காட்டுவாள். இதழினிக்கு மட்டும் நடந்ததையே சொன்னாள்.

"வாசல்ல தண்ணி வந்துட்டு. அடுப்புல மீன் கொழம்பு கொதிக்கி. வலைய எடுத்துட்டு வாறேன், நீ கொழம்ப எறக்கி வையின்னு சொல்லிட்டு எம் வீட்டுக்காரவ போனாவ. எறக்கி வச்சேன்."

சொல்லிவிட்டு ஜெபமாலை வாசலைப் பார்த்தாள். இதழினியின் கண் நிறைந்தது. மணிக்கட்டில் பச்சை எரிந்தது, சான்றிதழ் பதிவானது, வேலை முடிந்த கருவி அணைந்தது.

சாவியோடு வந்த அதிகாரி ஜெபமாலையின் கையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு. இழந்த வீட்டை நினைத்தவளுக்குக் கிடைக்கப்போகும் வீடு மறந்துபோயிருந்தது. நன்றிமானிக்கு அது தெரிந்துவிட்டது.

"நன்றி போதலையேம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்," என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். இதழினி பின்னாலேயே ஓடிக் கெஞ்சினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்து, "உங்களுக்குத்தான் முடிஞ்சிடுச்சேம்மா," என்றார்.

"விடு பிள்ள," என்றாள் ஜெபமாலை. "ஒனக்குப் பச்ச வந்துட்டுல்லா."

முகாம் வாசலைத் தாண்டியபோது இதழினிக்கு நெஞ்சை ஏதோ அடைத்தது, கால் நகர மறுத்தது. என்னவென்று புரியாமல் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. அப்படியானால் இது இரக்கம் இல்லை, பசியாகத்தான் இருக்கும் என்று உணவகத்தைத் தேடி நடந்தாள்.